எந்த இல்லத்தில் உழைத்தவன் பெயர்?

பள்ளிக்கூட விளையாட்டு விழாவிலே பிள்ளைகள் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று அணி அணியாக நிற்கிறார்கள். நிறத்துக்கு ஓர் 'இல்லம்'. இல்லத்துக்கு ஒரு பெயர். "இதில் என்ன இருக்கிறது? விளையாட்டுத்தானே!" என்பர் சிலர். ஆம், விளையாட்டுதான். ஆனால் பெயர் வைத்தவர்கள் விளையாட்டாக வைக்கவில்லை, தோழர்களே!

இந்த வழக்கம் பிறந்தது இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளிலே. ஊர் விட்டு ஊர் வந்து படித்த சீமான் வீட்டுப் பிள்ளைகள், ஆசிரியர்கள் நடத்திய தனித்தனி வீடுகளில் தங்கினர். எந்த வீட்டில் உண்டு உறங்கினானோ, அந்த வீட்டுப் பிள்ளை அவன். வீட்டுக்கு வீடு போட்டி, பந்தயம், பரிசு! பின்னர் பகல் பள்ளிகளும் இதைப் பார்த்துப் பின்பற்றின. மாலை மணி அடித்ததும் தன் தாயிடம் ஓடுகிற பிள்ளைக்கும் பள்ளியிலே ஓர் 'இல்லம்' கிடைத்தது. சுவர் இல்லை, கூரை இல்லை, பெயர் மட்டும் உண்டு! வெள்ளையர் ஆட்சி போன இடமெல்லாம் இந்த வழக்கமும் கப்பலேறிப் போயிற்று. மலாயாவுக்கும் போயிற்று.

கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் என்றொரு புகழ் பெற்ற பள்ளி. 1887-இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்கென்று ஊரிலே நிதி திரட்டினார்கள். அதிலே செலவாகாமல் கிடந்த தொகையைக் கொண்டு ஆங்கிலப் பள்ளி ஒன்று அமைக்க முடிவாயிற்று. 1893-இல் அடிக்கல், 1894-இல் பாடம் தொடங்கிற்று. மகாராணியின் விழாப் பணத்தில் மிஞ்சியது மாணவனின் படிப்புக்கு வந்தது!

அப்பள்ளியின் இல்லப் பெயர்களைப் பாருங்கள். டிரீச்சர் — பள்ளி எழுந்த நாளில் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட். ரோட்ஜர் — அவருக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்தவர். ஷா — 1894 முதல் 1922 வரை பள்ளியை நடத்திய முதல் தலைமையாசிரியர். யாப் குவான் செங் — கோலாலம்பூர்ச் சீனர்களின் கடைசிக் கப்பித்தான். லோக் இயூ — ஈயச் சுரங்க அதிபர். இவர்களோடு ஒரு தமிழர்: தம்புசாமிப் பிள்ளை!

1850-இல் சிங்கப்பூரில் பிறந்தவர் தம்புசாமி. டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் குமாஸ்தா. 1875-இல் டேவிட்சன் சிலாங்கூரின் ரெசிடெண்ட் ஆனார். தம்புசாமியும் உடன் வந்தார். அரசாங்க உத்தியோகம் பார்த்தார். பிறகு வணிகத்தில் இறங்கினார். ரவாங்கில் லோக் இயூவுடன் கூட்டாக ஈயச் சுரங்கம் நடத்தி, அந்த நாட்டிலே முதன்முதலாக மின்சாரத்தைச் சுரங்க வேலைக்குக் கொண்டு வந்தார். பத்துமலை முருகன் கோயிலுக்கு வித்திட்டவரும் அவரே. யாப் குவான் செங், லோக் இயூ ஆகியோரோடு பள்ளியின் தொடக்க கால அறங்காவலராகவும் இருந்தார். மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் "தம்புசாமி! தம்புசாமி!" என்று குரல் எழுப்பி ஓடினார்கள் என்றால் யார் நெஞ்சுதான் பூரிக்காது? நாமும் பூரிக்கிறோம்.

பூரித்தபின் ஒன்று கேட்கிறோம். இந்தப் பெயர்கள் ஏன் வந்தன? ஆண்டார்கள், கற்பித்தார்கள், நன்கொடை தந்தார்கள் என்பது பதில். சரி. நன்கொடைப் பணம் எங்கிருந்து வந்தது? ஈயத்திலிருந்து. ஈயம் எங்கிருந்து வந்தது? மண்ணுக்குள்ளிருந்து. மண்ணுக்குள் கிடந்த ஈயம் தானாக எழுந்து நடந்து வந்ததா?

சேற்றிலே இடுப்பளவு நின்று அதைத் தோண்டியவன் சீனக் கூலி. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடிற்றே, அத்தகைய பாதைகளுக்குக் காடு வெட்டி, மண் சுமந்து, தண்டவாளம் கிடத்தியவர்களில் நம் தமிழ்க் கூலி உண்டு. ரப்பர் வந்தபின் விடியுமுன் பால் வெட்டப் போனவனும் அவனே, அவளே. அவர்கள் பெயரில் எந்த இல்லம்?

இல்லம் கிடக்கட்டும், பள்ளிக்கூடமாவது கிட்டிற்றா? நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலக் கல்வி. அதன் வழியே உத்தியோகம். தோட்டத்துப் பிள்ளைக்கு? 1923-இன் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்திலே நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களிலே அது தொடக்க வகுப்புகளோடு நின்றது. அதன்பின் பிள்ளையின் கையிலே பால் வாளி! தகப்பன் போட்ட பாதையிலே ரயில் ஓடிற்று. அந்த ரயிலேறிப் பெரிய பள்ளிக்குப் போக மகனுக்கு வழி இல்லை.

இதைச் சொல்வது தம்புசாமியின் பெயரைத் தாழ்த்த அல்ல. லோக் இயூவின் பெயரை அழிக்கவும் அல்ல. லோக் இயூவே இளமையில் சிங்கப்பூர்க் கடையில் சொற்பக் கூலிக்கு வேலை செய்தவர்தானே! இருக்கும் பெயர் இருக்கட்டும். ஆனால் பெயர் வந்த கதையைப் பிள்ளைக்கு முழுதாகச் சொல்லுங்கள். கொடுத்தவனைச் சொல்லும்போது, கொடுக்கும்படி உழைத்தவனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாளை எங்கேனும் ஒரு பள்ளி புதிதாய் இல்லங்களுக்குப் பெயர் தேடும். ஆண்டவர் பட்டியல் வரும். அள்ளித் தந்தவர் பட்டியல் வரும். அந்தக் கூட்டத்திலே பெற்றோராய் நாமும் இருப்போம். எழுந்து கேட்போம்: "உழைத்தவன் பெயர் எங்கே?" "அவன் பெயர் ஏட்டில் இல்லையே" என்பார்கள். பெயர் தெரியாவிட்டால் தொழில் தெரியுமே! சுரங்கத் தொழிலாளர் இல்லம், ரயில்பாதைத் தொழிலாளர் இல்லம், தோட்டத் தொழிலாளர் இல்லம் என்று வையுங்கள். அந்தப் பெயரை நெஞ்சில் தாங்கி நம் பிள்ளை ஓடட்டும். முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும், தான் யாருடைய தோளில் ஏறி வந்தோம் என்பதை அறிந்து ஓடுவான்!