டிரைவர் உத்தியோகம்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் இரவு, திருநெல்வேலிச் சீமையிலிருந்து என் தமக்கை தொலைபேசியில் அழைத்தாள். குரலில் கலக்கம் தெரிந்தது. "தம்பி, நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை எஞ்சினீயர் படிப்புப் படிக்க வைத்தோம். இப்போது கேட்டால் டிரைவர் வேலை பார்க்கிறேன் என்கிறான். செம்பூரிலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு அப்புறம் பேச்சே எடுக்கவில்லை. நீ அருகில் இருந்தும் இப்படி விடலாமா?" என்று வருந்தினாள்.

நான் மெட்ரிக் தேறிய இரயில்வே குமாஸ்தா. டிரைவர் என்ற சொல் எனக்கு அந்நியமன்று. எனினும் என் மருமகன் எந்த வண்டியையும் ஓட்டி நான் கண்டதில்லை. மாதுங்காவில் எங்கள் வீட்டில் தங்கி, தினமும் ஒரு சிறு தொழிற்கூடத்திற்குச் சென்று வருபவன் அவன். அன்றிரவு அவன் வந்ததும் கேட்டேன். பையன் சிரித்துவிட்டான். "மாமா, நான் டிரைவர் அல்ல. டிரைவர்களைப் பராமரிப்பவன். அவை வண்டியில் இல்லை, கருவிகளுக்குள் இருக்கின்றன" என்றான்.

அதன் பின் பல இரவுகள் அவன் சொல்ல நான் கேட்டேன். கேட்டதில் எனக்குப் புரிந்ததை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளுவதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய வேலைகளில் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது இன்னதென்று வீட்டார்க்குத் தெரியாமற் போவது நல்லதன்று.

நாம் நாள்தோறும் காணும் ஒன்றிலிருந்தே தொடங்குவோம். 2017ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மேற்கு இரயில்வேயில் மும்பையின் முதல் குளிர்சாதனப் புறநகர் வண்டி ஓடிற்று. சென்னைப் பெரம்பூரில் உள்ள இரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவான வண்டி அது. அதன் கதவுகள் தாமாகத் திறந்து தாமாக மூடுவன. கதவு மூடியதா, இடையில் எவருடைய கையோ பையோ சிக்கியுள்ளதா என்பதை யாரேனும் அறிந்து சொல்ல வேண்டும் அன்றோ? கதவருகே உள்ள உணரி என்னும் சிறு கருவி அதை அறிகிறது. உள்ளே இருக்கும் கணினி முடிவு செய்கிறது. ஆனால் உணரியின் மொழி வேறு, கணினியின் மொழி வேறு. ஒவ்வொரு கம்பெனியும் தன் உணரிக்கு ஒரு தனி மொழியை வைத்திருக்கிறது.

ஊரிலிருந்து புதிதாகத் தாராவிக்கு வந்து இறங்கியவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. ரேஷன் அலுவலகத்திற்கு அவரோடு ஒருவர் துபாஷியாகச் சென்று, அதிகாரி கேட்பதை இவர்க்கும், இவர் சொல்வதை அதிகாரிக்கும் எடுத்துரைக்கிறார். கணினிக்கும் கருவிக்கும் நடுவே நின்று அந்தத் துபாஷி வேலையைச் செய்யும் சிறு நிரலுக்கே 'டிவைஸ் டிரைவர்' என்று பெயர். தமிழில் சாதன இயக்கி என்கிறார்கள். துபாஷி ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் ரேஷன் அட்டையில் பெயரே மாறிவிடும். சாதன இயக்கி தவறாகச் சொன்னால், திறந்த கதவை மூடியதென்று கணினி நம்பிவிடும்.

வீட்டில் உள்ள கணினி சற்றுத் தாமதித்தால் நாம் முணுமுணுப்பதோடு சரி. கதவு, பிரேக்கு, மருத்துவக் கருவி ஆகியவற்றினுள் இருக்கும் கணினிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. குறித்த காலத்திற்குள் வராத சரியான பதிலும் அங்கே தவறான பதிலே. ஆகையால் அவற்றில் 'நிகழ்நேர இயங்குதளம்' என்னும் ஒரு மேலாளர் நிரல் இருக்கிறது. எங்கள் கண்ட்ரோல் அலுவலகத்தில் எந்த வண்டியை முதலில் விடுவது, எதை நிறுத்துவது என்று ஒருவர் முடிவு செய்வதைப் போல, எந்த வேலை முதலில், எது பிறகு என்பதை அது முடிவு செய்கிறது. ஒரு வினாடியை ஆயிரமாகப் பகுத்தால் வரும் ஒரு கூறு அதற்கு நீண்ட பொழுது.

இங்கே எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. "நிரல் துருப்பிடிப்பதில்லை, தேய்வதுமில்லை. ஒரு தடவை எழுதிவிட்டால் போதாதா? பராமரிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவன் நம் தாராவியையே உதாரணம் காட்டினான். பழைய தையல் இயந்திரத்திற்கு அதே உறுப்பு இன்று கடையில் கிடைப்பதில்லை. வேறொரு கம்பெனியின் உறுப்பை வாங்கி, அரத்தால் ராவி, பொருந்த வைக்கிறார் மெக்கானிக். கருவிகளின் கதையும் அதுவே. ஒரு மருத்துவக் கருவியோ இரயில் கருவியோ பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். அதனுள் இருக்கும் சில்லுகளின் உற்பத்தியோ அதற்கு முன்பே நின்றுவிடுகிறது. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி உலகெங்கும் சில்லுப் பஞ்சம் வந்தபோது, கிடைத்த மாற்றுச் சில்லைப் பொருத்தும் நிலை பல தொழில்களுக்கு ஏற்பட்டது. மாற்றுச் சில்லு அதே வேலையைச் செய்யும்; ஆனால் சற்று வேறு விதமாகப் பேசும். துபாஷியும் அதற்கேற்ப மாற வேண்டும்.

எனக்கு எங்கள் தடத்தின் சரித்திரமே நினைவுக்கு வந்தது. 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார இரயில் ஓடிற்று. அது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் அதுவே நம்மைச் சுமந்தது. பின்னர் படிப்படியாக 25,000 வோல்ட் மாறுமின்சாரத்திற்கு மாற்றினார்கள். மேற்குத் தடத்தில் 2012இலும், மத்தியப் பிரதானத் தடத்தில் 2015இலும், துறைமுகத் தடத்தில் 2016இலும் பணி முடிந்தது. அக்காலத்தில் இரு வகை மின்சாரத்திலும் ஓடக்கூடிய வண்டிகள் ஓடின. தலைக்கு மேலே மின்சாரமே மாறியது. பெட்டியில் தொங்கிக்கொண்டு போன நாம் அறியவில்லை. அடியில் பொருள் மாறினும் மேலே பயணம் தடைப்படாமற் காப்பதுதான் பராமரிப்பு. செவ்வனே செய்தால் எவர் கண்ணுக்கும் தெரியாத வேலை அது.

தெரியாமலே போகும் வேலை என்பதுதான் மருமகனின் மனக்குறையும். கூடப் படித்தவர்கள் கைப்பேசிச் செயலிகளை எழுதி, "இது நான் செய்தது" என்று பெற்றோரிடம் காட்டுகிறார்கள். இவன் எதைக் காட்டுவான்? சென்ற தை மாதத்தில் வேலையை விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தான். அப்போதுதான் அது நடந்தது.

அவர்கள் பராமரிக்கும் கருவிகளுள் ஒன்று, நோயாளியின் படுக்கையருகே நின்று குழாய் வழியாக மருந்தை அளவாகச் செலுத்துவது. குழாயில் காற்றுக் குமிழி வந்தால் உணரி கண்டு சொல்ல வேண்டும். உடனே மோட்டார் நின்று மணி அடிக்க வேண்டும். அந்த உணரிச் சில்லு கிடைக்காமற் போகவே, மாற்றுச் சில்லு வந்தது. சாதன இயக்கியைத் திருத்தும் பொறுப்பு இவனுக்கு. பழைய நிரலில், உணரியைக் கேள்வி கேட்டதும் சிறிது பொழுது சும்மா காத்திருக்கும் வரி ஒன்று இருந்தது. யார் எழுதியது, ஏன் எழுதியது என்று குறிப்பு ஏதுமில்லை. வீண் தாமதம் என்று எண்ணி அந்த வரியை நீக்கிவிட்டான். சோதனைகள் யாவும் தேறின.

பின்னர், கருவியை இரவு முழுவதும் ஓடவிட்டுச் சோதித்தபோது, பல மணி நேரத்திற்கு ஒருமுறை மணி தாமதமாக அடித்தது. மறுபடி செய்தால் சரியாக அடித்தது. மூன்று இரவுகள் வீட்டிற்கு வரவில்லை. நான்காம் நாள் காலை வந்தவன் திண்ணையில் உட்காருவதுபோல வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "மாமா, பிழை என்னுடையதுதான்" என்றான்.

நடந்தது இதுவே. கேள்வி கேட்டதும் உணரிக்குப் புதிய அளவை எடுக்கச் சிறிது நேரம் தேவை. அதற்கு முன் பதிலைப் பறித்தால், அது முன்பு எடுத்த பழைய அளவையே தருகிறது. பெரும்பாலும் வித்தியாசம் தெரிவதில்லை. குமிழி வந்த அந்தக் கணத்தில் மட்டும், "குழாயில் குமிழி இல்லை" என்ற பழைய செய்தி புதியதுபோல வந்து சேர்கிறது. நீக்கப்பட்ட வரி வீணன்று. ஒரு காரணத்தோடு யாரோ எழுதி வைத்தது. காரணத்தை எழுதாமற் போனதே குறை.

கருவி சோதனைச் சாலையை விட்டு வெளியேறவில்லை. எவர்க்கும் தீங்கு நேரவில்லை. "எங்கள் அம்மா அந்தப் படுக்கையில் இருந்திருந்தால் என்று நினைத்தேன், மாமா" என்று மட்டும் சொன்னான். பிறகு நிரலைச் சரி செய்தான். இப்போது கணினி கேள்வியைக் கேட்டுவிட்டு வேறு வேலைக்குச் செல்கிறது. உணரி ஆயத்தமானதும் மணியடித்து அழைக்கிறது. அதன் பின்னரே பதிலைப் பெறுகிறது. அந்த இடத்தில், எந்தச் சில்லுக்காக, எத்தனை நேரம், ஏன் என்பதையெல்லாம் தேதியிட்டு எழுதி வைத்தான்.

பேரறிஞர்களும் இத்தகைய பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியான் 5 இராக்கெட் முதற்பயணத்தில் சுமார் நாற்பது வினாடிகளில் சிதறிற்று. முந்தைய ஏரியான் 4இல் நன்றாக உழைத்த திசையறி கருவியின் நிரலைப் புதியதிலும் அப்படியே ஏற்றியிருந்தார்கள். புதிய இராக்கெட்டின் வேகம் வேறு. 32,767க்கு மேல் கொள்ளாத இடத்தில் அதனினும் பெரிய எண்ணை அடைக்க முயன்று, கருவி செயலற்றது. அந்தக் கணக்கு, இராக்கெட் தரையை விட்டு எழுந்த பின் தேவையற்றது என்பதுதான் இன்னும் வேதனை.

மறு ஆண்டு ஜூலை 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய அமெரிக்கப் பாத்ஃபைண்டர் கலத்தின் கதையை இரயில்வேக்காரர் எளிதில் உணர்வர். ஒற்றைத் தடத்தில் டோக்கனை வாங்கிக்கொண்டு சரக்கு வண்டி நுழைந்துவிட்டது. அந்த டோக்கனுக்காக மெயில் வண்டி காத்து நிற்கிறது. சரக்கு வண்டியையோ, பாசஞ்சர் வண்டிகளுக்கு வழிவிடும்படி நடுவில் நிறுத்தி வைக்கிறார்கள். ஆகவே மெயிலும் நிற்கிறது. பாத்ஃபைண்டரில் வானிலைத் தகவல் திரட்டும் சிறிய வேலை ஒன்று சரக்கு வண்டி ஆயிற்று; தலையாய வேலை மெயில் ஆயிற்று. தலையாய வேலை உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட கணினி, மீண்டும் மீண்டும் தன்னை முதலிலிருந்து தொடங்கிக்கொண்டது. பூமியில் இருந்த இரட்டைக் கருவியில் அதே பிழையை வரவழைத்துக் கண்டுபிடித்தார்கள். மெயிலுக்கு வேண்டிய டோக்கன் சரக்கு வண்டியிடம் இருக்கும் வரையில், சரக்கு வண்டிக்கும் மெயிலின் மரியாதையைக் கொடு என்பதே தீர்வு. அந்தத் திருத்தத்தை இங்கிருந்தே அனுப்பிச் சரிப்படுத்தினார்கள்.

இத்துறையில் நுழையப் பெரும் பொருள் வேண்டுவதில்லை என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். ரிச்சர்டு பாரி என்பவர் 2003இல் தொடங்கிய ஃப்ரீ ஆர்டாஸ், லினக்ஸ் அறக்கட்டளை 2016இல் வெளிக்கொணர்ந்த செஃபிர் ஆகிய நிகழ்நேர இயங்குதளங்கள் எவரும் இலவசமாகப் பெற்றுப் படிக்கத்தக்கவை. செஃபிரில் ஒவ்வொரு பகுதிக்கும் பராமரிப்பவர் இன்னார் என்று பெயரிட்ட பட்டியலே உண்டு. பிழை கண்டவர் திருத்தம் எழுதி அனுப்பலாம். பொறுப்பாளர் பார்த்து ஏற்பார் அல்லது மறுப்பார். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு மின்பலகை ஒன்றும், பழைய கணினி ஒன்றும், பொறுமையும் இருந்தால் தாராவியின் ஒற்றையறை வீட்டிலிருந்தும் பழகலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்னும் செயலிச் சில்லுகள் உருவாகின்றன. நம் விண்வெளி நிறுவனத்திற்கென 'விக்ரம் 3201' என்னும் சில்லு சண்டிகரை அடுத்த மொகாலியில் செய்யப்பட்டு 2025இல் கையளிக்கப்பட்டது. புதிய சில்லு ஒவ்வொன்றுக்கும் புதிய துபாஷிகள் தேவை.

எங்கள் அலுவலகத்தில் விதிப் புத்தகத்திற்கு அவ்வப்போது திருத்தச் சீட்டுகள் வரும். அவற்றை உரிய பக்கத்தில் ஒட்டி, எண்ணையும் தேதியையும் குறித்துக் கையெழுத்திடுவது என் போன்ற குமாஸ்தாக்களின் வேலை. பசை பட்ட விரல்களைப் பார்த்து நான் பல நாள் சலித்ததுண்டு. ஒட்டாமல் விட்ட ஒரு சீட்டினால் தடத்தில் என்ன நேரக்கூடும் என்பதை, அன்று வாசற்படியில் உட்கார்ந்திருந்த பையனின் முகத்தைப் பார்த்த பிறகே நன்றாக உணர்ந்தேன்.

மருமகன் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறான். நாளை வேறிடம் சென்றாலும் செல்லலாம். ஆனால் அடுத்து வருபவன் காரணம் தெரியாமல் ஒரு வரியை நீக்க நேராது. தமக்கைக்கு நான் இவ்வளவையும் விளக்கவில்லை. "அக்கா, ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏறும் மருந்து அளவு தவறாமல் ஏறுவதற்கு உன் பிள்ளை காவல் இருக்கிறான்" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "இதைச் செம்பூர்க்காரர்களிடம் நீயே ஒருமுறை நேரில் போய்ச் சொல்லிவிடு" என்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்குச் செல்லவிருக்கிறேன்.