நான்காம் ஃபிரெட்டா, மூன்றாம் ஃபிரெட்டா?

கிட்டார் வாங்கிய முதல் வாரம், கார்டு படங்களைப் பார்த்து விரல் வைப்பதிலேயே போய்விடும். விரல் நுனி வலிக்கும். ஏன் அந்த இடம் என்பது மட்டும் விளங்காது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: படத்தை மூடிவையுங்கள், முதலில் தூரத்தைக் கேளுங்கள். ஆடிப்பூரத் தேரோட்டத்தில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல.

வீணையில் மெட்டு, கிட்டாரில் ஃபிரெட். வீணையின் 24 மெட்டுகள் இரண்டு ஸ்தாயிக்கு. ஒரு ஸ்தாயிக்கு 12. கிட்டாரிலும் அதே கணக்குதான். திறந்த கம்பியை ‘ச’ என்று கொண்டால் 12ஆம் ஃபிரெட்டில் மேல் ‘ச’ வரும். அங்கே கம்பி சரிபாதி. 7ஆம் ஃபிரெட்டில் ‘ப’. அங்கே அழுத்தினால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கம்பி மட்டுமே அதிரும். 65 செ.மீ. கம்பியில் அது தலைப்பக்கத்திலிருந்து சுமார் 21.7 செ.மீ. சுருதிப் பெட்டியில் எந்நேரமும் ஒலிக்கும் ச–ப இந்தத் தூரம்தான்.

ச, ப நடுவே ஒரு ‘க’ வைத்தால் கார்டு பிறந்துவிடும். ‘ச’விலிருந்து நான்கு ஃபிரெட் தள்ளி அந்தர காந்தாரம்; அது மேஜர். மூன்று ஃபிரெட் என்றால் சாதாரண காந்தாரம், அது மைனர். சங்கராபரணத்துக்கும் கரகரப்பிரியாவுக்கும் உள்ள வேறுபாடுகளில் ஒன்று இதுவே. இ மேஜர் பிடித்துக்கொண்டு, மூன்றாம் கம்பியில் இருக்கும் ஆள்காட்டி விரலை மட்டும் எடுங்கள். இ மைனர் வந்துவிடும். வெளிச்சமாக இருந்த ஒலி ஒரு விரலில் மங்கிவிடுகிறது!

சிலப்பதிகார உரைமரபு நான்காம் நரம்பை (சுரத்தை) நட்பு என்றும், ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும், மூன்றையும் ஆறையும் பகை என்றும் வகுத்தது. அந்தப் ‘பகை’யான மூன்றாம் நரம்புதான் கார்டுக்கு உயிர் என்பது எனக்கு இன்றும் வியப்பு. கிட்டாரில் அது முழுச் சுத்தமாகவும் நிற்பதில்லை. சுர இடைவெளியை அளக்கும் சென்ட் கணக்கில், இயற்கையான காந்தாரம் 386 சென்ட்; ஸ்தாயியைச் சமமாக 12 ஆகப் பங்கிட்ட ஃபிரெட்டில் 400. நுண்ணிய காது அந்த 14 சென்ட் உறுத்தலைப் பிடித்துவிடும்.

நம் சுரமும் மேற்கத்திய கார்டும் ஒரே காதில் சேர முடியும். ராஜபாளையம் போலவே மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். 1976இல் அவர் இசையில் ‘அன்னக்கிளி’ வந்தது.

இன்றிரவு ஒரே கம்பியில் திறந்த ஒலி, 4ஆம் ஃபிரெட், 7ஆம் ஃபிரெட் என்று மீட்டி, கூடவே ச, க, ப என்று வாய்விட்டுப் பாடுங்கள். பிறகு 4ஐ 3 ஆக்கிப் பாடுங்கள். கார்டு படத்தை நாளைக்குத் திறந்தால் போதும்.