குறட்டையைக் கேட்காத உரிமப் படிவம்

புது தில்லி: நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடைபெறும் நாள்களில் ஏதேனும் ஒரு நாளிதழில் தவறாமல் இடம்பெறும் புகைப்படம் ஒன்று உண்டு. அவையில் காரசாரமான விவாதம் நடந்துகொண்டிருக்கும். இருக்கையில் சாய்ந்தபடி ஓர் உறுப்பினர் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருப்பார். கும்பகர்ணன் என்று பெயர் சூட்டிச் சிரித்துவிட்டு வாசகர்கள் அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுவார்கள்.

உறக்க மருத்துவம் பயின்றவர்களுக்கு அந்தப் படம் வேறொரு கேள்வியை எழுப்பும். பருத்த உடல், தடித்த கழுத்து, பட்டப்பகலில் அடக்க முடியாத உறக்கம். இம்மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், அவர் இரவில் ஒழுங்காக மூச்சு விடுகிறாரா என்று கேட்பது மருத்துவரின் கடமை. பகலில் கண்ணயர்வோர் அனைவரும் நோயாளிகள் அல்லர். நள்ளிரவு வரை நீளும் அவை அலுவல்களும் விமானப் பயணங்களும் எவரையும் களைப்படையச் செய்யும். ஆனால், உரத்த குறட்டையும் பகல் உறக்கமும் ஒன்றாகச் சேரும்போது அது நகைப்புக்குரிய செய்தி அல்ல.

அவையில் உறங்குபவரைப் படம் பிடிக்கக் கேமரா இருக்கிறது. தில்லியின் வட எல்லையில் உள்ள சஞ்சய் காந்தி போக்குவரத்து நகரில் சரக்கை இறக்கிவிட்டு, அடுத்த சரக்குக்காகக் காத்திருக்கும் நேரத்தில் லாரியின் முன்னறையில் உடலைக் குறுக்கி உறங்கும் ஓட்டுநரின் குறட்டையைக் கேட்க எவரும் இல்லை. வீட்டில் இருந்தாலாவது மனைவி கேட்டிருப்பார். மாதத்தில் பெரும்பகுதியை நெடுஞ்சாலையிலேயே கழிக்கும் அவருக்கு அந்தச் சாட்சியும் இல்லை.

தொண்டைக்குள் நடப்பது என்ன?

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. காற்றுப்பாதை சுருங்குகிறது. சுருங்கிய பாதை வழியே காற்று நுழையும்போது தளர்ந்த திசுக்கள் அதிர்வதே குறட்டை. பலருக்கு அது அத்துடன் முடிந்துவிடும். சிலருக்கோ பாதை அடிக்கடி அடைபடுகிறது; மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ நின்றுவிடுகிறது. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை உறக்கத்தைக் கலைக்கிறது. பெரும் மூச்சொலியுடன் காற்று உள்ளே பாய்கிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. ஸ்லீப் ஏப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை நோய் இதுதான்.

ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை முறை தடைபடுகிறது அல்லது குறைகிறது என்பதைக் கொண்டு நோயின் கடுமை அளக்கப்படுகிறது. 5 முதல் 15 முறை என்றால் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30-க்கு மேல் என்றால் கடுமையானது. கடுமையான நோயுள்ளவர் ஓர் இரவில் 200 முறைக்கு மேல் மூச்சுத் தடைபட்டு மீள்கிறார். காலையில் அவருக்கு அது நினைவில் இருப்பதில்லை. எட்டு மணி நேரம் உறங்கியதாகவே நம்புகிறார். தலைவலி, எரிச்சல், மறதி, பகல் உறக்கம் ஆகியவை மட்டும் மிஞ்சுகின்றன. உயர் ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம், நீரிழிவு ஆகியவற்றுடன் இந்நோய்க்குத் தொடர்பு இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

இந்தியாவில் இது அரிய நோய் அல்ல. நாட்டின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வயது வந்தோரில் 11 சதவீதம் பேருக்கு இந்நோய் உள்ளது. ஆண்களில் 13 சதவீதம். பெண்களில் 5 சதவீதம். உழைக்கும் வயதில் உள்ள ஏறத்தாழ 10.4 கோடி இந்தியர்கள் பாதிக்கப்பட்டுள்ளனர் என்றும், அவர்களில் 4.7 கோடி பேருக்கு நோய் நடுத்தரமான அல்லது கடுமையான நிலையில் உள்ளது என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது.

இந்நோயின் பெயர் நாடெங்கும் தலைப்புச் செய்திகளில் அடிபட்டது 2022 பிப்ரவரியில்தான். ஹிந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் தனது 69-ஆம் வயதில் காலமானபோது, உறக்க மூச்சுத்தடையே காரணம் என்று மருத்துவர்கள் தெரிவித்தனர். சில நாள்கள் பேசப்பட்டது, பின்னர் மறக்கப்பட்டது.

மங்களூரு தந்த பாடம்

உறக்கம் பொதுமக்களின் பாதுகாப்போடு எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்தது என்பதை நாடு ஏற்கெனவே ஒருமுறை கண்டிருக்கிறது. 2010 மே 22-ஆம் தேதி அதிகாலை துபையிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 166 பேரில் 158 பேர் உயிரிழந்தனர். விமானி அறையின் குரல் பதிவுக் கருவியை ஆராய்ந்த விசாரணைக் குழு, பயணத்தின் போது தலைமை விமானி நீண்ட நேரம் உறங்கியதை உறுதி செய்தது. அந்தப் பதிவில் குறட்டையொலி கேட்டது. விழித்தெழுந்த பிறகும் தெளியாத உறக்கச் சோர்வு அவரது முடிவுகளைப் பாதித்திருக்கலாம் என்பது, விபத்துக்குத் துணைபோன காரணங்களுள் ஒன்றாகப் பதிவு செய்யப்பட்டது.

அந்த விபத்துக்கு உறக்க மூச்சுத்தடை நோய் காரணம் என்று விசாரணைக் குழு கூறவில்லை. ஆனால், பிறரின் உயிரைத் தன் கையில் ஏந்தியிருப்பவரின் உறக்கம் அவரது சொந்த விஷயம் மட்டுமல்ல என்ற பாடத்தை அது கற்றுத் தந்தது.

அந்தப் பாடத்தை மருத்துவ உலகம் மறக்கவில்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சுகாதார ஆராய்ச்சித் துறையின் முயற்சியில், எய்ம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் நிபுணர்கள் கூடி 2014-ஆம் ஆண்டுக்கான தேசிய வழிகாட்டு நெறிமுறைகளை உருவாக்கினர். அதில் ஒரு பரிந்துரை மிகத் தெளிவானது. வாகன ஓட்டுநர்கள், விமானிகள், ரயில் ஓட்டுநர்கள், கனரக இயந்திரங்களை இயக்குவோர் ஆகியோரைப் பரிசோதிக்கும் மருத்துவர்களுக்கு இந்நோய் குறித்துப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். விண்ணப்பதாரர்களுக்கு இந்நோய் உள்ளதா என்று அவர்கள் முழுமையாக ஆராய வேண்டும்.

பரிந்துரை வெளிவந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நடைமுறை என்ன?

படிவத்தில் இல்லாத கேள்வி

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஓட்டுநர் உரிமம் கோருபவர் தம் உடல்தகுதி குறித்து உறுதிமொழி அளிக்க வேண்டும். போக்குவரத்து வாகனம் ஓட்டுபவர்கள் மருத்துவரின் சான்றிதழும் பெற வேண்டும். வலிப்பு உண்டா, தலைச்சுற்றல் உண்டா, நிறங்களைப் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்றெல்லாம் அந்தப் படிவங்கள் கேட்கின்றன. குறட்டை விடுகிறாரா, வண்டி ஓட்டும்போது கண்ணயர்ந்தது உண்டா என்ற கேள்விகள் மட்டும் இல்லை.

சாலை விபத்துக் கணக்கிலும் இதே நிலைதான். நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை, விதிமீறல்கள் வாரியாக இவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. அதிவேகம், தவறான திசை, மதுபோதை, சிவப்பு விளக்கை மீறுதல், செல்பேசிப் பயன்பாடு ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு. உறக்கத்துக்கு அவ்வாறு இடம் இல்லை. அதிகாலையில் நின்றிருந்த லாரியின் பின்புறம் மோதிய வேனோ, தடுப்பைத் தாண்டி எதிர்த்திசையில் பாய்ந்த பேருந்தோ வேறு ஏதோ ஒரு தலைப்பின் கீழ் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கணக்கில் வராத காரணத்துக்குத் தீர்வு தேடுவார் யார்?

அரசு எதுவுமே செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. விமானிகளுக்கு இருப்பதைப் போல லாரி ஓட்டுநர்களுக்கும் பணிநேரம் வரையறுக்கப்பட வேண்டும், உறக்கத்தை உணர்ந்து எச்சரிக்கும் கருவிகள் வாகனங்களில் பொருத்தப்பட வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021-ஆம் ஆண்டில் வலியுறுத்தினார். 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால், பணிநேரத்தைக் குறைத்தாலும், அறையைக் குளிரூட்டினாலும், உறங்கும் நேரத்தில் மூச்சு அடைபடுபவரின் களைப்பு தீராது. நோய் கண்டறியப்படாத வரை அவருக்கு ஓய்வும் ஓய்வாக இருப்பதில்லை.

உறுப்பினருக்கு உண்டு, ஓட்டுநருக்கு?

நோயைக் கண்டறிவது கடினமன்று. உரத்த குறட்டை, பகல் களைப்பு, உறக்கத்தில் மூச்சு நின்றதைப் பிறர் கண்டது, உயர் ரத்த அழுத்தம், உடல் பருமன், வயது, கழுத்துச் சுற்றளவு, ஆண் என்பது ஆகிய எட்டு அம்சங்களைக் கேட்டும் அளந்தும் அறியும் வினாப்பட்டியல் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. இதற்கு ஓர் அளவு நாடாவும் ரத்த அழுத்தமானியும் ஐந்து நிமிடமும் போதும். ஐயம் எழுந்தால் அடுத்தது பாலிசோம்னோகிராபி எனப்படும் உறக்கப் பரிசோதனை. நோயாளி ஓர் இரவு மருத்துவமனையில் உறங்க வேண்டும். மூளை அலைகள், கண் அசைவு, இதயத் துடிப்பு, மூச்சோட்டம், மார்பு அசைவு, பிராணவாயு அளவு ஆகியவை விடியும் வரை பதிவு செய்யப்படும். ஊசியோ வலியோ கிடையாது. சிலருக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் எளிய பரிசோதனையும் போதுமானது.

சிகிச்சையும் உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த சி-பாப் கருவியே இன்றும் முதன்மையானது. முகக்கவசம் வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை அடைபடாமல் அது காக்கிறது. நோய் லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் தாடையை முன்னிறுத்தும் பல் கருவியும், சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் பரிந்துரைக்கப்படுகின்றன. எடைக் குறைப்பு, மதுவைத் தவிர்த்தல், ஒருக்களித்துப் படுத்தல் ஆகியவையும் பயன் தரும். சி-பாப் கருவி மாரடைப்பைத் தடுத்துவிடும் என்ற எதிர்பார்ப்பை 2016-இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. எனினும், குறட்டையையும் பகல் உறக்கத்தையும் அது குறைக்கிறது என்பதை அதே ஆய்வு உறுதி செய்தது. ஓட்டுநருக்கு வேண்டியதும் அதுதான்.

சிக்கல், செலவில்தான் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் கீழ் உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளலாம். கருவிக்கான செலவையும் வரம்புக்கு உட்பட்டுத் திரும்பப் பெறலாம். ஏழைக் குடும்பங்களுக்காக 2018-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டமோ மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்வதை அடிப்படையாகக் கொண்டது. வீட்டில் ஒவ்வோர் இரவும் பயன்படுத்த வேண்டிய கருவிக்கு அதில் வழியில்லை. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து அதை வாங்குவது லாரி ஓட்டுநருக்கு எளிதல்ல. விபத்தில் சிக்கினால் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் அரசு, அந்த விபத்தைத் தவிர்க்கும் கருவியைத் தர மறுக்கிறது என்பதே இதன் பொருள்.

வாழ்வாதார அச்சம்

படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. குறட்டை உண்டு என்று சொன்னால் உரிமம் பறிபோகும் என்ற அச்சம் இருக்கும் வரை எந்த ஓட்டுநரும் உண்மையைச் சொல்ல மாட்டார். நாமக்கல்லிலோ லூதியானாவிலோ வாகனக் கடனுக்கு மாதத் தவணை கட்டுபவரிடம் அந்த நேர்மையை எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. பிரிட்டனில் பகல் உறக்கத்துடன் கூடிய மூச்சுத்தடை நோய் இருப்பவர் உரிம அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆனால், சிகிச்சையில் நோய் கட்டுப்பட்டுவிட்டால் அவர் மீண்டும் வாகனம் ஓட்டலாம். தண்டிப்பதற்காக அல்லாமல் குணப்படுத்துவதற்காகக் கேட்கப்படும் கேள்விக்கே உண்மையான விடை கிடைக்கும்.

இதற்கான வாய்ப்புகள் சட்டத்திலேயே உள்ளன. 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி, போக்குவரத்து வாகன உரிமம் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அப்போதெல்லாம் ஓட்டுநர் ஒரு மருத்துவரின் முன் நிற்கிறார். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்று உறுதி கூறுகின்றன. அந்தப் பரிசோதனையில் ஓர் அளவு நாடா இடம்பெறுமா என்பதே கேள்வி. உரிமப் படிவத்தை மாற்ற நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவரத் தேவையில்லை. விதிகளைத் திருத்தும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது. ஓர் அரசிதழ் அறிவிக்கை போதும்.

தில்லி ராம்லீலா மைதானத்தில் 2011 ஜூன் மாத நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காவல் துறை விரட்டியடித்தது தொடர்பான வழக்கில், 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறக்கம் மனிதனின் அடிப்படைத் தேவை, உயிர் வாழும் உரிமையிலிருந்து அதைப் பிரிக்க முடியாது என்று அத்தீர்ப்பில் நீதிபதி பி.எஸ். சௌஹான் பதிவு செய்தார். அன்று உறக்கத்தைக் கலைத்தது காவலரின் தடி. கோடிக்கணக்கானோரின் உறக்கத்தை ஒவ்வோர் இரவும் கலைப்பது அவர்களது சொந்தத் தொண்டையே. அதைக் கண்டறிய முதலில் தேவைப்படுவது ஒரே ஒரு கேள்வி. அவையில் உறங்கும் உறுப்பினர்களைப் பார்த்துச் சிரிக்கும் நாடு, அந்தக் கேள்வியை எழுப்ப விழித்திருக்கும் உறுப்பினர் ஒருவரையாவது எதிர்பார்ப்பதில் தவறில்லை.