ஜெர்சியின் உள்பக்கம்

"செருப்பை இங்கேயே விட்டுட்டு வாங்க. உள்ளே நூல் காலைச் சுத்திக்கும்!"

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கும் டீக்கடைக்கும் நடுவே, ஒருக்களித்து ஏற வேண்டிய இரும்புப் படிக்கட்டு. உச்சியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே கூடம். விடிகாலையில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் கூட்டமாகச் சைக்கிளில் பறக்கிறார்களே, அவர்கள் முதுகில் மின்னும் ஜெர்சி பிறக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. தெரிந்தவர் ஒருவர் சொல்லிவைத்ததால் கதவு திறந்தது. "பேரு வேண்டாம், போட்டோ வேண்டாம்", அவ்வளவுதான் நிபந்தனை. வாருங்கள், சத்தம் போடாமல் உள்ளே போவோம்!

முதலில் பிரஸ். வெயிலில் கிடந்த பழைய காலண்டர் மாதிரி வெளிறிய காகிதம். அதில் வெள்ளைப் பாலியஸ்டர் துணியைப் பொருத்திச் சூட்டுத் தட்டை இறக்குகிறார் ஒரு தம்பி. ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? தட்டு மேலே போனதும் கிளிப்பச்சையும் ஆரஞ்சும் கண்ணைப் பறிக்கின்றன! கத்தியேவிட்டேன். "முதல் தடவை பார்க்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் சார் கத்துவாங்க" என்று சிரித்தார்.

தட்டின் சூடு 200 டிகிரிக்குப் பக்கம். ஆனால் அவர் தலைக்கு மேல் ஃபேன் கிடையாது. காற்றில் காகிதம் இம்மி நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழுந்துவிடும், பீஸ் ரிஜெக்ட். வேர்வை தங்காத துணி என்று சொல்லி விற்கிறார்களே, அதற்காக இந்தப் பிள்ளை பனியன் பிழியப் பிழிய நிற்கிறான்.

அடுத்து கட்டிங் மேசை. மாஸ்டர் ஆவடி ஓ.சி.எஃப்.பில் ராணுவச் சீருடை வெட்டி ஓய்வு பெற்றவர். 1961-இல் வந்த தொழிற்சாலை அது. "அங்கே ஒரே கலர், ஒரே அளவுத் திட்டம். இங்கே மயில், புலி, டிராகன்னு பிள்ளைங்க கேக்குது" என்கிறார் பெருமையாக. வெட்டிய கை, முதுகு, கழுத்து எல்லாவற்றிலும் குட்டி நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். 17-ஆம் கை 17-ஆம் முதுகோடுதான் சேர வேண்டும். கடைசியில் ஸ்டிக்கரைப் பிய்க்க மறந்தால் செக்கிங்கில் திட்டு விழும்.

மெஷின் வரிசைக்கு வந்தால் திருவிழா! ஓவர்லாக்கும் ஃபிளாட்லாக்கும் போடும் இரைச்சலுக்கு மேலே இளையராஜா. ஜன்னல் கம்பியில் சாப்பாட்டுப் பைகள், ஸ்டாண்டில் நூல்கண்டோடு ஒரு சரம் மல்லி. சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் வைக்கும் பஞ்சுப் பேட் அடுக்கடுக்காக இருந்தது. தைக்கும் அக்காவுக்கு முதல் நாள் அது எதற்கென்றே புரியவில்லையாம். "இவ்ளோ மெத்தை வெச்சு பேன்ட்டா? தலகாணிக்கு வந்தது மாறி வந்துடுச்சுன்னு நெனச்சேன்!" வரிசை முழுக்கச் சிரிப்பு. பிறகு ஒரு நாள் அவுட்டர் ரிங் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் போகும்போது, தான் தைத்த டிசைனைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் சைக்கிள் மிதிப்பதைப் பார்த்திருக்கிறார். "ஆட்டோவுல எல்லார்கிட்டயும் சொன்னேன், அது நம்ம கை வேலைன்னு."

1949-இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கிய ஊர் இது. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் ஓட்டியவர்கள் பேன்ட் காலில் ஒரு கிளிப் மாட்டினார்கள், அத்தோடு உடுப்பு முடிந்தது. இன்று இத்தனை கைகள் தேவைப்படுகின்றன.

அக்காவின் மெஷினுக்கு அடியில் நாற்பது பக்க நோட்டு. அன்றாடம் முடித்த பீஸ் கணக்கு. ஒரு பீஸுக்கு என்ன கூலி என்று கேட்டேன். காதோடு சொன்னார். "எழுதிடாதீங்க, ஆர்டர் போயிடும்." எழுதவில்லை. ஆனால் படியிறங்கும்போது அந்த எண் என்னோடு கூடவே வந்தது.

அங்கிருந்து நேராகப் பூந்தமல்லி, ஓர் ஆஃபர் கடையின் பின்கட்டு. இங்கேயும் புகுந்துவிட்டேன்! திருப்பூர் காதர்பேட்டை மூட்டைகள் கூரை முட்ட நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே சைக்கிள் ஜெர்சிகள், 349 ரூபாய் என்று சீட்டு ஒட்டி. பாதி வெட்டிய லேபிள்களைக் காட்டிக் கடைக்கார அண்ணாச்சி மளமளவென்று பிரித்துச் சொல்கிறார். இது எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சியது. இது தையல் ஓடிய செகண்ட்ஸ். "இந்த அடுக்கு மட்டும் ஆஃபருக்குன்னே அடிச்சது. விலையை நாங்க சொல்லிடுவோம், அதுக்குள்ள அவங்க முடிச்சுக் குடுக்கணும்."

மலிவு என்று ஒரே சொல்லில் அடைக்கிறோம், உள்ளே இத்தனை இருக்கிறது. மிஞ்சியதை வாங்குவது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். தைத்த துணி வீணாகாது. மூன்றாவது அடுக்குதான் உறுத்துகிறது. அங்கே விலை முதலில் பிறக்கிறது, கூலி அதற்குள் ஒடுங்கிக்கொள்கிறது. தையல் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலியை 2014-இல் அரசு உயர்த்தியபோது முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் உயர்வு செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு மொட்டைமாடிக் கூடம் வரைக்கும் படியேற வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதற்காக விலை கூடினால் மனசாட்சி தெளிவு என்றும் இல்லை. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே இடிந்த ராணா பிளாசா கட்டடத்தில் தைத்தது மேலைநாட்டுப் பெயர்பெற்ற பிராண்டுகளுக்குத்தான். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டும் தொழிலாளர்கள் மேலே அனுப்பப்பட்டார்கள். 1,100-க்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. ஆகவே, 349 ரூபாய் ஜெர்சியை எடுக்கும் கல்லூரிப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. "இது எந்த அடுக்கு அண்ணே?" என்று அவன் கேட்டால் போதும். அண்ணாச்சிக்குப் பதில் தெரியும், எனக்குச் சொன்னாரே!

பேசிக்கொண்டிருந்தபோதே மடித்து அடுக்கும் பெண் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. "இது வர்றதுக்கு முன்னாடி மூட்டை மேலதான் சாய்வோம்" என்று காலை நீட்டிக்கொண்டார்.

மிஞ்சிய அடுக்கிலிருந்து நீல ஜெர்சி ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இடது கையின் மடிப்பில் அரிசி அளவுக்கு ஒரு ஸ்டிக்கர். 42. யாரோ பிய்க்க மறந்திருக்கிறார்கள். நானும் பிய்க்கவில்லை.