கல்லூரி மாறியவர்களும் அமெரிக்கச் சட்டப்பள்ளிச் சேர்க்கையும்

அமெரிக்காவில் சட்டப்படிப்பு இளநிலைப் பட்டத்துக்குப் பிறகே தொடங்குவதால், ஒரு சமுதாயக் கல்லூரியில் தொடங்கிப் பின்னர் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் பெற்றவர்களும் அதற்கு விண்ணப்பிக்கின்றனர். மாறி வந்தவரின் பழைய பாடங்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் கிரெடிட் மட்டும் வழங்கி, அவற்றின் தரங்களைத் தமது ஜி.பி.ஏ.வில், அதாவது தரப்புள்ளிச் சராசரியில், சேர்ப்பதில்லை. ஆகவே முதலாண்டில் தடுமாறிய மாணவர், இறுதியில் பெற்ற உயர்ந்த சராசரியே தமது முழுக் கணக்கு என்று நம்பிவிடுகிறார்.

சேர்க்கையில் அந்தக் கணக்கு செல்லாது. சட்டப்பள்ளிச் சேர்க்கைக் குழு (எல்.எஸ்.ஏ.சி.) என்னும் அமைப்பு, கோடை வகுப்பும் பள்ளிப் பருவத்திலேயே எடுத்த கல்லூரிப் பாடமும் உட்பட, விண்ணப்பதாரர் படித்த ஒவ்வொரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலையும் கேட்டுப் பெற்று, ஏ பிளஸுக்கு 4.33 புள்ளி என்ற அளவுகோலில் சராசரியைப் புதிதாகக் கணக்கிடுகிறது. தோற்ற பாடத்தை மீண்டும் படித்துத் தேறியிருந்தாலும், இரு தரங்களும் பட்டியலில் இருந்தால் இரண்டும் கணக்கில் ஏறுகின்றன. முதல் பட்டத்துக்குப் பின் பெற்ற தரங்களோ ஏறுவதில்லை என்பதால், சராசரியை உயர்த்தும் வாய்ப்பு பட்டம் பெறும் நாளோடு முடிந்துவிடுகிறது. இதை மாணவர்கள் முதலாண்டிலேயே அறிந்திருக்க வேண்டும்.

குறைந்த மதிப்பெண்ணை விடவும் கேடானது, பழைய கல்லூரியின் பெயரையே விட்டுவிடுவது. அது முறைகேடு விசாரணைக்கு வழிவகுக்கலாம். ஆண்டுகள் கழித்து, வழக்கறிஞராகப் பதிவு பெறும் முன் நடக்கும் நன்னடத்தை ஆய்விலும் அதே மறைப்பு கேள்விக்குள்ளாகலாம்.

நேர்மையாகச் செய்யக்கூடியவையும் பல உண்டு. அக்குழுவின் அறிக்கை தரங்களை ஆண்டுவாரியாகவும் கல்லூரிவாரியாகவும் காட்டுவதால், பிற்கால முன்னேற்றம் சேர்க்கை அலுவலரின் கண்ணில் படும். நோய், வேலைப்பளு, குடும்ப நெருக்கடி போன்ற உண்மைக் காரணம் இருப்பின், சாக்குச் சொல்லாமல் சில வரிகளில் தனி விளக்கக் குறிப்பை இணைக்கலாம். பட்டியலில் பதிவுப்பிழை இருந்தால், 1974ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் தனியுரிமைச் சட்டம் துணை நிற்கிறது: கல்லூரி 45 நாட்களுக்குள் பதிவைப் பார்வையிட அனுமதிக்க வேண்டும், திருத்த மறுத்தால் மாணவர் விசாரணை கோரலாம், ஆனால் ஆசிரியர் தந்த தரம் நியாயமா என்ற வாதத்துக்கு அச்சட்டம் இடந்தருவதில்லை. கட்டண பாக்கிக்காகப் பட்டியலைப் பிடித்துவைப்பதைக் கலிஃபோர்னியா 2020 முதலும் நியூயார்க் 2022 முதலும் தடைசெய்துள்ளன. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சட்டப்பள்ளியும், தான் சேர்த்துக்கொண்டவர்களின் இடைநிலைச் சராசரியையும் நுழைவுத்தேர்வு மதிப்பெண்களையும் ஆண்டுதோறும் வெளியிடக் கடமைப்பட்டுள்ளது. விண்ணப்பிக்கும் முன் மாணவர்கள் தம் எல்லாக் கல்லூரிகளின் பட்டியல்களையும் வரவழைத்து, அனைத்தையும் சேர்த்துத் தாமே ஒருமுறை சராசரியைக் கணக்கிட்டு, அந்த விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.