கொடுவா மீன் - முதலில் ஆண், பிறகு பெண்! தெரியுமா?

ஈரச்சந்தையில் 'சியாக்காப்' என்று கேட்டு வாங்கியிருப்பீர்கள். சிலர் 'சீ பாஸ்' என்பார்கள். ஆஸ்திரேலியாவில் அது 'பாராமண்டி', தமிழ்நாட்டில் கொடுவா. எல்லாம் ஒரே மீன்தான்!

அது ஆணா, பெண்ணா?

அளவைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

வட ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வாழும் கொடுவா மீன்களில் பெரும்பாலானவை முதலில் ஆணாகவே பருவமடைகின்றன. சில ஆண்டுகள் கழித்து அவையே பெண்ணாக மாறிவிடும்! ஒரு மீட்டருக்கு மேல் நீளமான மீன் பெரும்பாலும் பெண்தான்.

ஏன் இந்த மாற்றம்?

விந்தணுக்களை உருவாக்கச் சிறிய உடல் போதும். முட்டைகளுக்கோ பெரிய வயிறு வேண்டும். உடல் பெரிதாக இருந்தால் முட்டைகளும் அதிகம். பெரிய பெண் மீன் பல மில்லியன் முட்டைகளை இடும்.

எங்கே, எப்போது முட்டையிடும்?

* ஆற்றில் வளரும் மீன்களும் அதற்காகக் கழிமுகத்துக்கு வருகின்றன. முட்டைகளுக்கு உப்புநீர் தேவை.

* பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில், பெரும்பாலும் இரவில் முட்டையிடும்.

* அலை ஏற்றத்தோடு முட்டைகளும் குஞ்சுகளும் கரையோரச் சதுப்புநிலத்துக்குப் போய்ச்சேரும். முட்டை பொரிய ஒரு நாள்கூட ஆகாது.

சரி, அதனால் நமக்கு என்ன?

சிறிய மீன்களையே பிடித்தால், அவை பெண்ணாக மாறும்வரை உயிரோடு இருக்காது. பெரிய மீன்களையே பிடித்தால், தாய் மீன்களே இருக்காது! இரண்டுமே ஆபத்துதான்.

அதனால்தான் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லந்து மாநிலத்தில் இரண்டு பக்கமும் வரம்பு இருக்கிறது. 58 சென்டிமீட்டருக்குக் குறைவான கொடுவா மீனை வைத்துக்கொள்ளக்கூடாது. பொதுவாக 120 சென்டிமீட்டரைத் தாண்டியதையும் திரும்ப விட்டுவிட வேண்டும்.

கடையில் வாங்கும் மீன்?

நம் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு பண்ணை மீன்தான். ஒரு கிலோகிராம்கூட இல்லாத அந்த மீன், தாயாகும் பருவத்தை இன்னும் எட்டியிருக்காது. பண்ணைகள் தாய் மீன்களைத் தனியாக வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கின்றன.

தூண்டில் போடும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? பெரிய கொடுவா சிக்கினால் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடலிலேயே விட்டுவிடுங்களேன். அது பல ஆண்டுகள் காத்திருந்து தாயான மீன்!