தாதியர் ஏன் சோர்கிறார்கள்?

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் தாதியரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒருவர், "சாக்ஷாத் தெய்வம்" என்பார். மற்றவர், "வள்ளென்று விழுகிறாள்" என்பார். இருவரும் ஒரே பெண்ணைப் பற்றிச் சொன்னதாகவும் இருக்கலாம். காலையில் தெய்வமாயிருந்தவள் மாலைக்குள் அப்படி ஆவானேன்?

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து 168 ஆஸ்பத்திரிகளில், பதினாயிரத்துக்கு மேற்பட்ட தாதியரை விசாரித்து, லிண்டா எய்க்கன் அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2002-ம் வருஷம் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தாதியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடினால், அவள் மனம் ஓய்ந்து போகும் வாய்ப்பு விகிதம் 100-க்கு 23 ஏறுகிறதாம். அதோடு நின்றதா? சத்திர சிகிச்சை பெற்றவர்கள் முப்பது நாளுக்குள் இறந்துபோகும் வாய்ப்பும் 100-க்கு 7 ஏறுகிறது!

இதற்கு நம்மவர் சொல்லும் மருந்து, "சேவை மனப்பான்மை வேண்டும்" என்பதுதான். எழுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நின்றுகொண்டு நானும் இவ்வுபதேசத்தைக் கேட்டிருக்கிறேன். கேட்ட பிறகு பிள்ளைகள் அறுபத்தொன்பதாகக் குறைந்ததில்லை.

காலிபோர்னியா மாகாணத்தார் உபதேசத்தை விட்டு எண்ணிக்கையைப் பிடித்தார்கள். 1999-ல் சட்டம் இயற்றினார்கள். அதன்படி 2004 முதல் சாதாரண வார்டில் தாதி ஒருத்திக்கு ஆறு நோயாளிகளுக்கு மேல் கூடாது. மறு வருஷம் அது ஐந்தாயிற்று. செலவு ஏறுமே என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆக்ஷேபித்தது வாஸ்தவம். எய்க்கன் அம்மையார் குழு மூன்று மாகாணங்களை ஒப்பிட்டு 2010-ல் மறுபடி எழுதியது. மற்ற இரண்டையும்விடக் காலிபோர்னியாத் தாதியர் சராசரியாக ஒரு நோயாளியைக் குறைவாகப் பார்த்தார்கள். மனம் ஓய்ந்து போனவர்களும் அவர்களிடையே குறைவாகவே இருந்தார்கள்.